டம்மி டிக்கெட் வைத்து ஷெங்கன் விசாவுக்குப் போகலாமா?

ஜன்னலோரம்:
செப்டம்பரில் பத்து இரவுப் பயணம். பாரிஸில் நான்கு, அப்புறம் ஃப்ளோரன்ஸ், ரோம் சேர்த்து ஆறு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். விசா என்று எதற்கும் இதுவரை விண்ணப்பித்ததில்லை. ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டேன். "டிக்கெட் எடுக்க வேண்டாம், பணம் கட்டாமல் விசாவுக்குக் காட்ட மட்டும் ஒரு டம்மி போட்டுக்கொள்ளலாம். இத்தாலிக்கு அப்பாயின்ட்மென்ட் இழுத்தடிக்கும், பிரான்ஸுக்கே போட்டுவிடுவோம், இரவுக் கணக்கை நான் மாற்றித் தருகிறேன்" என்கிறார். இரண்டுமே மனதை உறுத்துகிறது. போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

கணக்கன்:
இதில் உறுத்த என்ன இருக்கிறது? விசா கட்டணமே 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. அதற்கு மேல் விமான டிக்கெட்டையும் முழுப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, ரிஜெக்ட் ஆனால் யார் தருவார்கள்? நான் நான்கு முறை டம்மியில்தான் போயிருக்கிறேன். ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. தைரியமாகப் போடுங்கள்.

பழைய பெட்டி:
நான்கு முறை சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனேன், ஒன்றும் ஆகவில்லை என்பது போல இருக்கிறது. எனக்கு ஆனது. டிக்கெட்டில் இல்லை, ஹோட்டலில். ஏஜென்ட் இலவச கேன்சல் வசதியில் அறை போட்டார், விண்ணப்பக் கோப்பைக் கொடுத்த மறுநாளே ரத்து செய்துவிட்டார். தூதரகத்திலிருந்து ஹோட்டலுக்குக் கேட்டிருக்கிறார்கள், "அப்படி யாரும் இல்லை" என்று பதில் போயிருக்கிறது. பாஸ்போர்ட்டோடு வந்த மறுப்புப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தில் டிக்: பயண நோக்கமும் நிபந்தனைகளும் பற்றித் தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை. என் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் சுத்தமாக இருந்தன. எதுவும் உதவவில்லை.

கணக்கன்:
அது உங்கள் ஏஜென்டின் அவசரம் சார். விசா கையில் வந்தபின் ரத்து செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விதியைக் கொஞ்சம் பாருங்கள். முடிவு சொல்ல 15 நாள், வேண்டுமென்றால் 45 நாள் வரை நீட்டிப்பார்கள். பணம் கட்டாமல் விமான நிறுவனம் இருக்கையைப் பிடித்து வைப்பதோ சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். 45 நாள் உயிரோடு இருக்கும் முன்பதிவு எந்த உலகத்தில் கிடைக்கும்? செய்ய முடியாததைக் கேட்டுவிட்டு மக்களைப் பொய் சொல்ல வைப்பதே அவர்கள்தான்.

மழைக்குருவி:
ஏழு வருடம் டிக்கெட்டிங்கில் உட்கார்ந்தவள் என்பதால் குறுக்கே வருகிறேன். நீங்கள் இருவரும் "டம்மி" என்று இரண்டு வேறு பொருளைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

முன்பதிவு செய்தால் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இடம் கொண்ட பி.என்.ஆர் என்ற முன்பதிவுக் குறியீடு வரும். பணம் கட்டி டிக்கெட் அடித்தால்தான் 13 இலக்க டிக்கெட் எண் வரும், அதில் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்துக்கு உரியது. பி.என்.ஆர் மட்டும் உள்ள தாள் ஒரு முன்பதிவு. அதில் பொய் எதுவும் இல்லை. காலக்கெடு தாண்டினால் தானாக விழுந்துவிடும், விழுந்தால் விழட்டும். கொடுத்த அன்றைக்கு அது உண்மையாக இருந்தது.

சில ஏஜென்ட்கள் செய்வது வேறு. பழைய டிக்கெட் பி.டி.எஃப் ஒன்றை எடுத்துப் பெயர், தேதி மாற்றி, 13 இலக்கத்தையும் இஷ்டத்துக்கு அடித்துத் தருவார்கள். அது போலி ஆவணம். விமான நிறுவனத் தளத்தில் பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டால் பத்து வினாடியில் தெரிந்துவிடும். ஒரு தடவை ஒரு வாடிக்கையாளர் வேறெங்கோ வாங்கிய தாளை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். விமானத்தின் பெயர் ஒன்று, எண்ணின் முதல் மூன்று இலக்கம் வேறொரு நிறுவனத்துடையது. அடித்தவருக்கே அது தெரியவில்லை.

ஜன்னலோரம், உங்கள் ஏஜென்ட் தரும் தாளில் டிக்கெட் எண் இருந்தால், பணம் கட்டினீர்களா என்று கேளுங்கள். கட்டவில்லை என்றால் அந்தத் தாளைத் தொடாதீர்கள்.

கணக்கன்:
சரி, பி.டி.எஃப் திருத்துவது மோசடி, அதில் எனக்கு மறுப்பில்லை. நான் போட்டதெல்லாம் முன்பதிவுதான். ஆனால் என் வாதம் அப்படியே நிற்கிறது. 45 நாள்!

மழைக்குருவி:
நிற்கட்டும், ஆனால் விதி டிக்கெட் வாங்கச் சொல்லவே இல்லையே. ஐரோப்பிய விசா சட்டத் தொகுப்பு 2009-ல் வந்தது. அதன் ஆவணப் பட்டியலில் "முன்பதிவு அல்லது திரும்பும் பயண டிக்கெட்" என்றுதான் இருக்கிறது. முன்பதிவே போதும். பயத்தில் வாங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பழைய பெட்டி:
எல்லா நாட்டுக்கும் ஒரே விண்ணப்பக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒரு வியாதி. அமெரிக்காவில் விசா கைக்கு வரும்வரை டிக்கெட் வாங்காதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அங்கே குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவுதான் வாசல்: நீங்கள் குடியேற வருபவர் என்றே வைத்துக்கொண்டு, இல்லை என்று உங்களை நிரூபிக்கச் சொல்லும். டிக்கெட் அதை நிரூபிக்காது. பிரிட்டன் இன்னும் வேடிக்கை. சுற்றுலா விசாவுக்கு அதிகம் பயன்படாத ஆவணங்கள் என்று ஒரு பட்டியலே வெளியிட்டிருக்கிறார்கள். ஹோட்டல் பதிவு, விமானப் பதிவு, சொந்தப் புகைப்படம், விளையாட்டுக் கோப்பை வாங்கிய சான்றிதழ் எல்லாம் அதில் உண்டு. கோப்பைச் சான்றிதழை எத்தனை பேர் கட்டிக் கொடுத்திருந்தால் அதைத் தனியாக எழுதியிருப்பார்கள்!

ஜன்னலோரம்:
மழைக்குருவி அக்கா, நன்றி. தாளைப் பார்த்தேன். 13 இலக்க எண் இருக்கிறது! நான் ஒரு பைசா கட்டவில்லை. அந்த ஏஜென்டுக்கு ஒரு கும்பிடு.

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பிரான்ஸா, இத்தாலியா?

கணக்கன்:
பிரான்ஸ். இப்போது 29 நாட்டுக்கும் ஒரே விசா. உள்ளே போய்விட்டால் எல்லைச் சோதனை என்பது பெரும்பாலும் கிடையாது. நான்கு இரவா ஆறு இரவா என்று யார் எண்ணப் போகிறார்கள்? எங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அங்கே போடுவதுதான் புத்திசாலித்தனம்.

பழைய பெட்டி:
அந்த விசா சட்டத் தொகுப்பின் ஐந்தாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பயணத்தின் முக்கிய நாடு எதுவோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். தங்கும் நாட்களாலோ நோக்கத்தாலோ அது தீர்மானமாகும். இரண்டும் சமம் என்றால்தான் முதலில் நுழையும் நாடு. இவருக்கு ஆறு இரவு இத்தாலியில். பேச்சே இல்லை.

யார் எண்ணப் போகிறார்கள் என்றால், முதலில் நுழையும்போது எல்லை வாசலில் நிற்கும் அதிகாரி எண்ணலாம். "ஹோட்டல் பதிவைக் காட்டுங்கள்" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. விசா என்பது வாசல் வரை வரும் அனுமதி மட்டுமே. மோசடியாக வாங்கியது என்று தெரிந்தால் அங்கேயே ரத்து செய்யலாம், அதற்கும் 34-வது பிரிவு இருக்கிறது. பாரிஸில் பத்து இரவு என்று காட்டிவிட்டு ரோமில் இறங்கி ரோமிலிருந்தே திரும்பினால், அடுத்த விண்ணப்பத்தில் என்ன சொல்வீர்கள்?

கணக்கன்:
அதாவது, விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும் என்கிறீர்கள்?

பழைய பெட்டி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. இத்தாலி விசாவில் பாரிஸில் இறங்கலாம், தப்பே இல்லை. சொன்ன திட்டமும் போகும் பயணமும் ஒத்துப்போனால் போதும். திட்டம் நிஜமாகவே மாறினால் அது வேறு. மாற்றியே கொடுத்தால் அது பொய். உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நம்பவில்லை.

கணக்கன்:
தெரியும் சார். ஆனால் இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறீர்கள். சில பாஸ்போர்ட்காரர்களுக்கு விசாவே வேண்டாம். அவர்கள் பாரிஸா ரோமா என்பதை விமானத்தில் ஏறும்போது முடிவு செய்கிறார்கள். நாம் ஆறு மாதம் முன்னாலிருந்து இரவுக் கணக்கு எழுதி, கைரேகை கொடுத்து, 30,000 யூரோ காப்பீடு காட்டி நிற்கிறோம். அப்பாயின்ட்மென்ட் திறப்பதும் திறக்காததும் அவர்கள் இஷ்டம். ஆட்டமே ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்போது நம்மை மட்டும் நேர்மையாக ஆடச் சொல்வது என்ன நியாயம்?

மழைக்குருவி:
நியாயம் இல்லைதான். இதில் கணக்கன் பக்கம்தான் நான். ஆனால் பொய் சொல்லி மாட்டினால் விழுவது நம் தலையில்தானே? ஷெங்கன் விண்ணப்ப விவரம் ஐந்து வருடம் அவர்களின் பொதுத் தரவுத்தளத்தில் கிடக்கும், மறுப்பு உள்பட. பிரிட்டன் படிவம் வேறு எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததா என்று கேட்கிறது. மறுப்பு இருந்தால் "ஆம்" என்று எழுதி விளக்கலாம், பலருக்குக் கிடைத்திருக்கிறது. ஏமாற்றியதாக முடிவானால் அங்கே பத்து வருடம் வரை தடை. அமெரிக்காவில் பொய்த் தகவல் தந்தது உறுதியானால் தடைக்குக் காலவரையே இல்லை. ஏஜென்ட் பூர்த்தி செய்தார் என்று சொன்னாலும் கையெழுத்து உங்களுடையது.

கணக்கன்:
இத்தாலிக்கு அப்பாயின்ட்மென்டே கிடைக்காவிட்டால்?

பழைய பெட்டி:
பயணத் திட்டத்தை நிஜமாகவே மாற்றட்டும். பாரிஸில் ஆறு, இத்தாலியில் நான்கு. ஃப்ளோரன்ஸ் ஓடிப் போகாது.

கணக்கன்:
இது மட்டும் நல்ல யோசனை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஜன்னலோரம்:
ஏஜென்டை விட்டுவிட்டேன். மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து தளத்தைப் பார்த்ததில், யாரோ ரத்து செய்த இத்தாலி அப்பாயின்ட்மென்ட் ஒன்று கிடைத்தது. ஹோட்டல் மூன்றும் என் பெயரில், என் கார்டில். ரத்து செய்யும் தேதி பயணத்துக்கு இரண்டு நாள் முன்புவரை. விமானத்துக்கு டிக்கெட் எண் இல்லாத வெறும் முன்பதிவு, கவர் லெட்டரில் "விசா வந்ததும் டிக்கெட் வாங்குவேன்" என்றே எழுதிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இருக்கும் இரண்டும் எதிரெதிரே இல்லை. ஒன்று நடுவில், ஒன்று கடைசியில்.

மழைக்குருவி:
குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் என்றுதான் விதி, எதிரெதிரே என்று இல்லை. பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதா, திரும்பி வந்தபின் மூன்று மாதமாவது செல்லுமா, அதை மட்டும் பாருங்கள்.

கணக்கன்:
கவர் லெட்டரில் உண்மையையே எழுதிவிட்டாரா! முடிவு வந்ததும் இங்கே போடுங்கள் ஜன்னலோரம். ரிஜெக்ட் ஆனால் பழைய பெட்டி சாரிடம் 90 யூரோ வசூல் செய்வோம்.

பழைய பெட்டி:
கிடைத்தால் அடுத்த தடவை நீங்கள் கவர் லெட்டர் எழுத வேண்டும். சம்மதமா?