சிஏ 15-3 எடுத்தால் மேமோகிராம் வேண்டாமா?

மலர்விழி:
எங்கள் தெருமுனை லேபில் பெண்களுக்கென்று பேக்கேஜ் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, கூடவே 'மார்பகப் புற்றுநோய் ரத்தப் பரிசோதனை' என்று சிஏ 15-3. எனக்கு வயது 46. இதை எடுத்தால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேவையில்லை என்கிறார் கவுண்டரில் இருப்பவர். நிஜமா?

கணக்கன்:
இல்லை. நோய் பரவி சிகிச்சையில் இருப்பவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவும் மார்க்கர், அதாவது ரத்தத்தில் அளக்கும் அடையாளப் பொருள் அது. ஆரம்ப நிலையில் பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவு ஏறுவதே இல்லை. ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும், கட்டி பாட்டுக்கு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். கல்லீரல் கோளாறு இருந்தால் புற்றுநோயே இல்லாமலும் ஏறும், அப்புறம் ஸ்கேன் ஸ்கேனாக அலைய வேண்டியதுதான்.

லேப் ரத்தினம்:
சார், ஒரு பழைய மார்க்கரைக் காட்டி ரத்தப் பரிசோதனை மொத்தத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏவைப் படிக்கும் காலம் இது. இஎஸ்ஆர்1 மரபணு மாற்றம் இருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்த்து எலாசெஸ்ட்ரன்ட் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 ஜனவரியில் அனுமதித்ததே! நான் தினமும் ஊசி போடுகிறவன். மேமோகிராம் என்றால் கூச்சம், வலி, பயம் என்று பத்துக் காரணம் சொல்கிறவர்கள்கூட ரத்தம் என்றால் கையை நீட்டிவிடுகிறார்கள்.

கணக்கன்:
எலாசெஸ்ட்ரன்ட் விஷயம் சரி, ஆனால் அது நோய் இருப்பது தெரிந்து, பரவியும் போனவருக்கு. இங்கே கேட்பவர் உடம்பில் ஒன்றும் தெரியாதவர். நீங்கள் சொல்லும் டிஎன்ஏ வகையில் பெரிய பெயர் கேலரி (Galleri) என்ற ரத்தப் பரிசோதனை. 2021ல் வெளியான அதன் ஆய்வில் மார்பகப் புற்றுநோயை எல்லா நிலைகளையும் சேர்த்தே 30.5 சதவீதம்தான் பிடித்தது, முதல் நிலையில் 100க்கு 3 கூட இல்லை. சின்னக் கட்டி ரத்தத்தில் விடும் டிஎன்ஏ அவ்வளவு சொற்பம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரியில் அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனை ரத்தத்தில் மார்பகப் புற்றுநோயை 75 சதவீதம் கண்டுபிடிப்போம் என்று அறிவித்தது, அந்நாட்டு பில்ட் பத்திரிகை உலகப் பரபரப்பு என்று கொண்டாடியது. நோயில்லாதவர்களில் எத்தனை பேருக்குப் பொய்யாக மணி அடிக்கும் என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது, விசாரணைக் குழு வரைக்கும் போனது. 1000 பேரில் 5 பேருக்கு நோய் என்று வையுங்கள், நோயில்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குச் சோதனை பொய் மணி அடித்தாலே ஏறக்குறைய 50 பேர் சும்மா பயந்து சாவார்கள்.

லேப் ரத்தினம்:
கணக்கு நன்றாக இருக்கிறது. மேமோகிராம் மட்டும் பொய் மணி அடிப்பதில்லையா? எங்கள் தாலுகாவில் அந்த மெஷினே கிடையாது சார், அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சங்கரி (நர்ஸ்):
மெஷின் இல்லையென்றால் கை இருக்கிறதே தம்பி. மும்பையில் டாடா மெமோரியல் 1998லிருந்து ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்ததிலேயே 50 தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு 30 சதவீதத்துக்குப் பக்கமாகக் குறைந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் மறைக்க வேண்டாம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 30 தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். மலர், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா? இருந்தால் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் ரத்தம்தான், ஆனால் அது சொல்வது பரம்பரை அபாயத்தை.

லேப் ரத்தினம்:
கையால் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை அக்கா. ரத்தத்தையும் சேர்த்து எடுத்தால் என்ன நஷ்டம்?

கணக்கன்:
நார்மல் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அடுத்த மூன்று வருடம் யாரிடமும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளமாட்டார். அதுதான் நஷ்டம்.

மலர்விழி:
பெரியம்மாவுக்கு இருந்தது அக்கா, 52 வயதில். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். பேக்கேஜில் சிஏ 15-3ஐக் கழித்துவிட்டு விலை சொல்லச் சொன்னேன், முடியாதாம்.