சாம்பல் நிறக் கோழிகளுக்குக் கறுப்புக் குஞ்சுகள் பிறப்பது ஏன்?

தோப்புவீடு (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள சேவலும் பெட்டைகளும் நீலம் கலந்த சாம்பல் நிறம். நெஞ்சு இறகு ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய கருங்கோடு ஓடும். இந்த நிறம் கெடக்கூடாது என்பதற்காகவே வேறு நிறச் சேவல் எதையும் நான் வளர்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை அடை வைக்கும்போதும் சில குஞ்சுகள் கறுப்பாகவும், சில அழுக்கு வெள்ளையில் சாம்பல் தெறித்தாற்போலவும் பொரிக்கின்றன. கலப்புக் கோழியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். நிறம் மாறிய குஞ்சுகளைத் தொடர்ந்து கழித்துவந்தால் சாம்பல் மட்டும் நிலைக்குமா?

கரிசல்மண்:
நிலைக்காது, ஐயா, அந்தக் குஞ்சுகளைத் தயவுசெய்து கழித்துவிடாதீர்கள். உங்கள் கோழிகள் கலப்பு என்பதற்கு இது சான்றே அல்ல. கறுப்பு நிறமியை மங்கச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. அதன் ஒரு படி (நகல்) மட்டும் இருந்தால் கறுப்புக் கோழி சாம்பலாகும், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகள் சேர்ந்தால் வெளிறிய தெறிப்பு நிறமாகும், ஒன்றும் இல்லாவிட்டால் கறுப்பாகவே இருக்கும். ஆகவே, சாம்பலையும் சாம்பலையும் இணை சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று தெறிப்பு என்றே வரும். ஸ்பெயின் நாட்டுப் பெயர் தாங்கிய அண்டலூசியன் கோழியில் மரபியல் அறிஞர்கள் பேட்சனும் பன்னெட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கிக் காட்டியது இதைத்தான்.

நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் இரண்டு நிறங்களில்தான் வழி இருக்கிறது: கறுப்பையும் தெறிப்பையும் இணை சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் அத்தனையும் சாம்பலாக இருக்கும்.

ஆற்றங்கரை:
மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். தெறிப்புச் சேவல் கிடைக்கவில்லையே என்று வெள்ளை லெகார்ன் சேவலை விட்டுவிட வேண்டாம். அதன் வெள்ளை வேறொரு மரபணுவால் வருவது. அது ஒரு படி இருந்தாலே வெளிப்படும் ஓங்குபண்பு என்பதால் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தாலும் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே வந்து, அங்கங்கே ஓரிரு கரும்புள்ளி தெரியும்.

லாவெண்டர் எனப்படும் இன்னொரு சாம்பலும் உண்டு. அது இரண்டு படிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும் ஒடுங்குபண்பு, சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தால் சாம்பலே பிறக்கும். செந்நிற இறகையும் அது வைக்கோல் நிறமாக வெளிறச் செய்யும், உங்களிடம் உள்ள மரபணுவோ கழுத்துச் சிவப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். சந்தையில் வாங்கும் சாம்பல் கோழி எந்த வகை என்று அறிய, தூய கறுப்போடு இணை சேர்த்துப் பார்க்கலாம்: குஞ்சுகள் அனைத்தும் கறுப்பானால் லாவெண்டர், ஏறத்தாழப் பாதி சாம்பலானால் உங்கள் வகை.

தோப்புவீடு:
மிக்க நன்றி. அப்படியானால் இப்போதுள்ள தெறிப்பு விடைச்சேவல் ஒன்றைக் கறுப்புப் பெட்டைகளோடு நாளையே அடைத்துவிடலாமா?

கரிசல்மண்:
அடைக்கலாம், ஆனால் உடனே முட்டை சேர்க்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கும் என்பதால், அந்தச் சேவலை விலக்கி மூன்று வாரமாவது கழிந்த பிறகு இடும் முட்டைகளையே அடைக்கு எடுங்கள். பொரித்த அன்றே குஞ்சின் காலில் வளையம் மாட்டித் தாய், தந்தை விவரத்தை நோட்டில் எழுதிவிடுங்கள். தெறிப்புக் குஞ்சு இளம்பருவத்தில் வெறும் வெள்ளையாகவே தோன்றலாம், இறகு மாறிய பிறகே நிறத்தை உறுதி செய்யுங்கள்.