தோட்டத்துக் கொடுவாளை வண்டியில் கொண்டுபோவது குற்றமா? சோதனையில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள், உதவி தேவை

கேள்வி (ஏற்காட்டுத் தோட்டக்காரர்):

வணக்கம். ஏற்காட்டில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகும் ஏற்றியிருக்கிறோம். பழம் பறித்து முடிந்து கவாத்து (செடிகளின் கிளை வெட்டும் வேலை) தொடங்கும் நேரம் என்பதால், முனை மழுங்கிய ஆறு கொடுவாள்களையும் இரண்டு கவாத்துக் கத்திகளையும் சேலத்தில் அப்பா காலத்திலிருந்து பழக்கமான கொல்லர் பட்டறையில் கொடுத்து, சாணை பிடித்துப் பிடியும் மாற்றிக்கொண்டு, போன வாரம் இரவு பத்து மணிக்கு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

வழியில் வாகனச் சோதனை நடந்தது. பின்னால் சாக்கில் கட்டி வைத்திருந்த கருவிகளை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, தோட்டம் எங்கே என்று மட்டும் கேட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் என் இருக்கைக்குக் கீழே ஏழாவதாக ஒரு கொடுவாள் எப்போதும் இருக்கும். அது அப்பாவுடையது, அலகு 11 அங்குலம். அது எதற்கு என்று கேட்டபோது, "இரவில் காட்டெருமை குறுக்கே வரும், வழியில் ஆள் நடமாட்டமும் இருக்காது, ஒரு பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்" என்று உள்ளதைச் சொன்னேன். அதன் பிறகு பேச்சின் தன்மையே மாறிவிட்டது. கொடுவாளை எடுத்துக்கொண்டு, என் பெயர், கைபேசி எண், வண்டி எண் எல்லாம் குறித்துக்கொண்டு, நிலையத்துக்கு வந்து விளக்கம் தரச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை.

சாக்கில் இருந்த ஆறும் இருக்கைக்குக் கீழே இருந்த ஒன்றும் ஒரே பட்டறையில் அடித்தவை. ஒன்று மட்டும் எப்படிக் குற்றமாகும்? இதற்கு உரிமம் எடுக்க வேண்டுமா? அது திரும்பக் கிடைக்குமா?

பதில் (சேலம் வழக்கறிஞர்):

ஐயா, உங்கள் கேள்விக்கான விடை, நீங்கள் சொன்ன "பாதுகாப்புக்கு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது அதற்கென மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம் என்று சொல்லி, கூர்முனைக் கருவிகளையும் அதில் சேர்க்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே என வடிவமைக்கப்பட்டவற்றை அதே பிரிவு விலக்கியும் வைக்கிறது. கவனியுங்கள், தாக்குதல் மட்டுமன்று, தற்காப்பும் அந்த வரையறைக்குள் வருகிறது. யாரையும் தாக்க எண்ணாமல், என்னைக் காத்துக்கொள்ளத்தானே வைத்திருக்கிறேன் என்பது நமக்கு நியாயமாகத் தோன்றினாலும், இது வேளாண் கருவி என்ற வாதத்தை நீங்களே கைவிட்டதாக அதைப் படிக்க இடமிருக்கிறது. பட்டறையில் அடித்தபோது அது கொடுவாள்தான். வேறு நோக்கத்துக்காக ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்துக்கு வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது.

அளவைப் பற்றி ஊரில் பல பேச்சுகள் உண்டு. ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையாக வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் ஆனவை அங்கும் விலக்கப்பட்டுள்ளன. ஆகவே 11 அங்குலம் என்பதாலேயே உங்கள் கொடுவாள் சட்டவிரோதம் ஆகாது. 8 அங்குலம் என்பதாலேயே ஒரு குத்துவாள் சட்டப்படியானதும் ஆகிவிடாது. மேலும், இவ்வகை ஆயுதங்களுக்கு உரிமம் என்பது 4-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளுக்கே பொருந்தும். கவாத்துக்குக் கொடுவாள் வைத்திருக்க நீங்கள் உரிமம் எடுக்க வேண்டியதில்லை.

வாகனத்தைப் பொறுத்தவரை இரண்டு பிரிவுகளை அறிந்துகொள்ளுங்கள். 23-ஆம் பிரிவு, இச்சட்டத்தின் மீறல் உண்டா எனக் கண்டறிய வாகனத்தை நிறுத்திச் சோதிக்கக் காவல் அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. 20-ஆம் பிரிவு, சட்டவிரோத நோக்கத்துக்குப் பயன்படலாம் என்று நியாயமான ஐயம் எழும் விதத்திலோ சூழ்நிலையிலோ ஆயுதம் கொண்டுசெல்லப்பட்டால், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிடியாணையின்றிக் கைது செய்யவும் அந்த ஆயுதத்தைக் கைப்பற்றவும் இடமளிக்கிறது. "விதம்", "சூழ்நிலை" என்ற இரண்டையும் நினைவில் வையுங்கள். சாக்கில் இருந்த ஆறுக்கும் இருக்கைக்குக் கீழே இருந்த ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

தற்காப்பு உரிமை எனக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் அது இருக்கிறது. ஆனால் அது ஆபத்து நேரும் கணத்தில் செய்த செயலுக்கான பாதுகாப்பு. என்றோ நேரக்கூடிய ஆபத்தை எண்ணி நாள்தோறும் ஆயுதத்தோடு பயணம் செய்ய அது அனுமதி தருவதில்லை. காட்டெருமையைப் பொறுத்தவரை, விளக்கைத் தாழ்த்தி வண்டியை நிறுத்திக் காத்திருப்பதே வழி. கொடுவாளோடு அதன் முன்னால் இறங்குவது உங்கள் உயிருக்குத்தான் ஆபத்து.

நிலையத்துக்குக் கட்டாயம் செல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பட்டா, சிட்டா நகல்களையும் பட்டறை ரசீதையும் எடுத்துச் செல்லுங்கள். கைப்பற்றிய பொருளுக்குப் பட்டியல் கேட்பது உங்கள் உரிமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதிய வேண்டும் என்கிறது, 106-ஆம் பிரிவின்படி கைப்பற்றியதை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். நிலையத்தில் கொடுவாளைத் திருப்பித் தர மறுத்தால், அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவின்படி நடுவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்துக் கேட்கலாம்.

பதில் (ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர்):

வழக்கறிஞர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நெடுஞ்சாலையில் நின்று சோதித்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்கிறேன். இருட்டில் ஒரு வண்டியின் கதவைத் திறக்கும் காவலருக்கு உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாது. கருவி கட்டியிருக்கிறதா, ஓட்டுபவரின் கைக்கெட்டுகிறதா, கேட்டதும் வந்த விடை முன்னுக்குப்பின் முரணாக இருக்கிறதா என்பவற்றைத்தான் அவர் சில நொடிகளில் பார்க்கிறார். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுவதும் ரவுடிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது, கத்தி, அரிவாள் செய்து விற்பவர்கள் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் பதிந்து வைக்க வேண்டும் என்று காவல்துறை கேட்டுக்கொண்டது. ஆகவே பட்டறையில் உங்கள் பெயர் பதிவாகியிருந்தால் அதைத் தொல்லையாக எண்ணாதீர்கள். இப்போது உங்களுக்குத் துணை நிற்பது அந்தப் பதிவுதான்.

துணைக்கேள்வி (இன்னொருவர்):

நாங்கள் முனியப்பன் கோவிலுக்கு நேர்த்திக்கடனாக நான்கடி அரிவாள் செய்து காரில் கொண்டுபோக இருக்கிறோம். இதற்கும் இதே நிலைதானா?

பதில் (சேலம் வழக்கறிஞர்):

அது வேளாண் கருவி என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் நிலை தோட்டக்காரருடையதைவிடச் சற்றுக் கடினமானது. முனையைத் தீட்டாமல் விடச் சொல்லுங்கள். துணியும் கயிறும் சுற்றி டிக்கியில் வைத்து, கோவில் நிர்வாகியிடமிருந்து நாளும் நேர்த்திக்கடனும் குறித்த கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு, பகலில் செல்லுங்கள். அந்த நாளில் அப்பகுதியில் தடையுத்தரவு இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காடு வழியாகப் போகிறவர்களுக்கும் ஒன்று: ஆயுதச் சட்டம் விலக்கும் கருவியை வனவிலங்குச் சட்டம் விலக்குவதில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தியும் வலையும் கண்ணியும்கூட அடங்கும். சரணாலயத்துக்குள் முன் அனுமதியின்றி அவற்றோடு நுழைவதை 31-ஆம் பிரிவு தடை செய்கிறது.

மறுபதிவு (ஏற்காட்டுத் தோட்டக்காரர்):

நேற்று நிலையத்துக்குச் சென்று வந்தேன். பட்டா நகலையும் பட்டறைக்காரர் தேதியிட்டு எழுதித் தந்த ரசீதையும் பார்த்தார்கள். கொடுவாள் தோட்ட வேலைக்கானது, இனி ஓட்டுநர் இருக்கையருகே வைக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு, வழக்கு ஏதும் பதியாமல் திருப்பித் தந்தார்கள். "பாதுகாப்புக்கு" என்று நான் சொன்னதை மறைக்கவில்லை; அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று அவர்களிடமும் சொன்னேன். அப்பாவின் கொடுவாள் கைக்கு வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வண்டியின் பின்பக்கத்தில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். ஏழும் இனி அதற்குள்தான் இருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம்: எங்கள் கவாத்து ஆட்கள் இருசக்கர வண்டியில் கொடுவாளோடு வந்துபோகிறார்கள். அவர்களிடம் பட்டாவும் இல்லை, ரசீதும் இல்லை.

பதில் (ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர்):

அவர் பெயர், என்ன வேலை, எந்தத் தோட்டம், எந்த மாதம் வரை என்று எழுதி, உங்கள் கைபேசி எண்ணோடு கையெழுத்திட்டு ஆளுக்கொரு கடிதம் கொடுங்கள். கொடுவாளை இடுப்பில் செருகாமல் சாக்கில் சுற்றி வண்டியின் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் வேலை முடிந்ததும் கருவிகளைத் தோட்டத்துக் கொட்டகையிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். அவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பலாம்.