காரணி 8: ஐதாக்க ஐதாக்கக் கூடுகிறது, எந்த அளவை எழுதுவது?

உப்புவெளி:
திருகோணமலையில் ஆய்வுகூட வேலை. பல் பிடுங்கியபின் இரத்தம் நிற்காத 19 வயதுப் பொடியன். இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் சோதனைகளில் ஏபிரிரி (APTT) 58 செக்கன், நீண்டிருக்கிறது; பிரி (PT) சரி. ஏபிரிரியை வைத்து அளக்கும் ஒற்றைப்படி முறையில் காரணி 8 (இரத்தம் உறைய உதவும் புரதம்), பிளாஸ்மாவை ஐதாக்கிய மடங்கால் பெருக்கியபின்: 1/10இல் 14%, 1/20இல் 21%, 1/40இல் 30%. அளவு தெரிந்த கொன்ட்ரோல் மாதிரிகள் இரண்டும் எல்லைக்குள். சராசரி எடுத்து 22% என்று கொடுக்கலாமா? மாதிரி மூதூரிலிருந்து முழு இரத்தமாக ஐஸ் பெட்டியில் வந்தது.

கொட்டியாரக்குடா:
சராசரி வேண்டாம் தம்பி. நோயாளியின் ஐதாக்கக் கோடு கலிபிரேட்டர் (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பிளாஸ்மா) கோட்டுக்குச் சமாந்தரமாக ஓடவில்லை. பிளாஸ்மாவில் ஏதோ தடை இருக்கிறது. ஐதாக்கும்போது அதுவும் ஐதாகி, மறைந்திருந்த காரணி தெரிகிறது. லூபஸ் எதிர்உறைவியும் (உறைதல் சோதனையைக் குழப்பும் ஒரு பிறபொருளெதிரி) ஹெப்பரினும் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து)தான் வழக்கமான காரணங்கள். லூபஸ் எதிர்உறைவி இருப்பவருக்கு இப்படி இரத்தம் ஓடுவது அரிது, அதனால் முதலில் ஹெப்பரினைப் பாருங்கள்: துரொம்பின் நேரம் (ஹெப்பரினால் நீளும் சோதனை) நீண்டு, ரெப்ரிலேஸ் நேரம் (ஹெப்பரினால் மாறாத சோதனை) சரியாக இருந்தால் அதுதான். ஹெப்பரின் விட்ட கனுலாவில் (நாளத்தில் பொருத்திய குழாய்) எடுத்தார்களா என்று கேளுங்கள். காரணி 8க்கு எதிரான தடுப்பியாக இருந்தால் பெரும்பாலும் எல்லா ஐதாக்கத்திலும் ஒரேயடியாகக் குறைவாகவே வரும். அதற்கு 37 பாகையில் 2 மணித்தியாலம் வைத்துத் தடுப்பியை அளக்கும் பெதெஸ்டா சோதனை வேறாகச் செய்யவேண்டும்.

கன்னியா:
ஐஸை விட்டுவிட்டீர்களே! முழு இரத்தம் குளிரில் இருந்தால் வொன் வில்பிரான்ட் காரணியும் (காரணி 8ஐத் தாங்கிச் செல்லும் புரதம்) காரணி 8உம் இறங்கும். நோயே இல்லாதவருக்கும் நோய் இருப்பதுபோல் காட்டும். 30% என்பதையும் நம்பமுடியாது, புதிதாக எடுங்கள். 3.2% சிற்றேட் (இரத்தம் உறையாமல் வைக்கும் திரவம்) உள்ள நீலமூடி ரியூப், கோடுவரை நிரப்பவேண்டும். குறைந்தால் சிற்றேட் மிஞ்சி ஏபிரிரி நீளும். மூதூர் வெயிலுக்கு ஐஸ் போடாத தடித்த பெட்டி, 18–24 பாகை, 4 மணித்தியாலத்துக்குள் பரிசோதனை முடியவேண்டும். 1500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள்; நடுவிலுள்ள வெள்ளைப்படையைத் தொடாமல் மேல் பிளாஸ்மாவை பிளாஸ்டிக் ரியூப்புக்கு மாற்றி, மீண்டும் ஒருமுறை சுழற்றுங்கள்.

உப்புவெளி:
ஹெப்பரின்தான் அண்ணை, கனுலாவில் எடுத்ததாம். மறுகையில் நேரடியாக எடுத்த மாதிரியில் 31, 33, 32%. வொன் வில்பிரான்ட் பார்க்கக் கொழும்புக்கு எப்படி அனுப்புவது?

கொட்டியாரக்குடா:
இரத்தப்போக்கு, மன அழுத்தம், காய்ச்சல் எல்லாம் காரணி 8, வொன் வில்பிரான்ட் இரண்டையும் உயர்த்தும். 32% உண்மையில் இன்னும் குறைவாக இருக்கலாம். காயம் ஆறியபின் திரும்பப் பாருங்கள். இரத்த வகையையும் எழுதி அனுப்புங்கள், ஓ வகையினருக்கு வொன் வில்பிரான்ட் இயல்பாகவே குறைவு.

இருமுறை சுழற்றிய பிளாஸ்மாவை 0.5 மி.லீ. வீதம் பிரித்து, மூடியை இறுக்கி, -70இல் உறையவையுங்கள். தானாகப் பனி உருக்கும் பிரீசர் கூடாது, அது இடையிடையே சூடாகும். பயணத்துக்கு ட்ரை ஐஸ் (உறைந்த காபனீரொட்சைட்டு). மூடி தளர்ந்தால் அதன் வாயு பிளாஸ்மாவின் பிஎச்சை இறக்கும். அங்கே 37 பாகை நீரில் 5 நிமிடம் உருக்கி, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து உடனே பார்க்கச் சொல்லுங்கள். பிரிஜ்ஜில் மெல்ல உருக்கினால் இந்த இரண்டு காரணிகளும் கீழே படிந்துவிடும். ட்ரை ஐஸ் வாயுவாக மாறும்; வெளிப்பெட்டியைக் காற்றுப் போகாதபடி ஒட்டவேண்டாம், வெடிக்கும்.