ப்ளூரோடெசிஸ்: உறை ஒட்டறுவையா, உறையிணைப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோயால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும்போது, நுரையீரலைப் போர்த்தியுள்ள உறையையும் விலாச்சுவரின் உட்புறத்து உறையையும் ஒன்றோடொன்று ஒட்டச்செய்து, நீர் மீண்டும் சேர இடமில்லாமல் ஆக்குவதே ப்ளூரோடெசிஸ். இதற்குத் தமிழ்ச் சொல்லாக நம்மிடையே முன்மொழியப்பட்ட 'உறை ஒட்டறுவை' எனக்கு உடன்பாடில்லை. மார்புக்குள் நோக்குக் கருவியைச் செலுத்தி, உறைகளை ஒட்டச்செய்யும் டால்க் தூளைத் தூவும் முறை உண்டு என்றாலும், 4 அல்லது 5 கிராம் டால்க்கை உப்புநீரில் கலந்து வடிகுழாய் வழியே செலுத்துவதும் இதே சிகிச்சைதான். அதை அறுவை என்று சொல்ல முடியாது. 'ஒட்டு' என்பதும் தோல் ஒட்டு, எலும்பு ஒட்டு என வேறிடத்திலிருந்து எடுத்துப் பொருத்துவதற்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது.

கிரேக்க மொழியில் 'டெசிஸ்' என்றால் கட்டுதல், பிணைத்தல். ஆகவே முதலில் 'உறைப்பிணைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தபோதுதான் அது 'உறைப்பு இணைப்பு' என்றும் பிரியும் என்பது உறைத்தது; காரத்துக்கும் நுரையீரலுக்கும் நாம் முடிச்சுப் போட வேண்டாம். 'உறையிணைப்பு' என்றால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு ஆதாயமும் உண்டு. வடிகுழாயை நீண்ட நாள் உள்ளேயே வைத்திருக்கும் நோயாளிகள் சிலருக்கு, மருந்து எதுவும் செலுத்தாமலேயே உறைகள் தாமாக ஒட்டிக்கொள்கின்றன. தன்வினையாக நிகழும் அதை 'உறையிணைவு' என்றும், மருத்துவர் செய்வதை 'உறையிணைப்பு' என்றும் பிரித்துச் சொல்லத் தமிழில் தனி அடைமொழி தேவையில்லை.

மொழிபெயர்ப்பில் சிக்கலான இடம், யாருக்கு இதைச் செய்வது என்று முடிவெடுக்கும் பகுதி. முதலில் நீரை வடித்துப் பார்க்கிறார்கள். மூச்சுத்திணறல் தணியவில்லையென்றால் திணறலுக்குக் காரணம் வேறு. உறையை இணைத்துப் பயனில்லை. தணிந்தாலும், நீர் வெளியேறிய இடத்தை நுரையீரல் விரிந்து நிரப்புகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். கட்டி மூச்சுக்குழாயை அடைத்திருந்தாலோ, உறையே தடித்துக் கவசம்போல் இறுகியிருந்தாலோ நுரையீரல் விரியாது; இரு உறைகளும் தொடாதபோது எவ்வளவு டால்க் செலுத்தினாலும் ஒட்டாது. அத்தகையோருக்கு நீண்டநாள் வடிகுழாயே பெரும்பாலும் வழி. வாழ்நாள் மிகக் குறுகியது என்று தெரிந்தவருக்கோ, தேவைப்படும்போது ஊசியால் நீரை எடுத்துவிடுவதே போதுமானதாக இருக்கலாம். இந்த விரியாத நிலையைச் 'சிறைப்பட்ட நுரையீரல்' என்று மொழிபெயர்த்திருந்தார் நண்பர் ஒருவர். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் நோயாளி தன் அறிக்கையில் அதைக் காணும்போது என்ன நினைப்பார்? 'விரியா நுரையீரல்' என்பது நடப்பதை நடந்தபடி சொல்கிறது.

யாருக்கு இதைச் செய்வது என்று முடிவெடுப்பதைக் குறிக்கும் 'நோயாளர் தேர்வு' என்பதையும் மாற்றலாம் என்பது என் கருத்து. 'தேர்வு' என்றவுடன் தேறியவர், தேறாதவர் என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. ஒப்புதல் படிவத்தில் 'இச்சிகிச்சைக்குத் தகுதியற்றவர்' என்று எழுதினால் குறை நோயாளியின்மேல் விழுகிறது. 'உறையிணைப்பு இவருக்குப் பொருந்தாது' என்றால் அது சிகிச்சையின் எல்லையைச் சொல்வதாகிவிடும். ஆகவே 'பொருத்தம் பார்த்தல்' என்று எழுதலாமா என யோசித்தேன். அது கல்யாணத் தரகர் பேச்சுபோல் ஒலிப்பதால் 'பொருத்த மதிப்பீடு' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தயங்க மாட்டேன்.