பல் பிடுங்கிய மூன்றாம் நாள் அம்மாவுக்குத் தாங்க முடியாத வலி

முதுநகர் மகள்:
கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். ஞாயிறு நன்றாகத்தான் இருந்தார். சங்கரா மீன் குழம்பை ஆறவைத்துச் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். திங்கள் மாலை தொடங்கியது வலி. காதுக்குள் கம்பியை விட்டுக் குடைவது போலிருக்கிறது என்கிறார். இரவு முழுக்கத் தாடையைப் பிடித்தபடி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், எனக்கும் தூக்கமில்லை. விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியில் இரத்தக்கட்டி இல்லை; அடியில் வெளுப்பாக எலும்பு தெரிகிறது. நாற்றமும் அடிக்கிறது. வீக்கம், சீழ், காய்ச்சல் எதுவும் இல்லை. வீட்டில் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரை மீதி இருக்கிறது, கொடுக்கலாமா? ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: பிடுங்கிய அன்று மாலையே வெற்றிலையும் புகையிலையும் போட்டுத் துப்பிக்கொண்டிருந்தார்.

முத்தியால்பேட்டை அண்ணன்:
கொடுக்காதே அம்மா. எனக்கும் இதே வந்தது. வலி மாத்திரையிலேயே நான்கு நாள் ஓட்டினேன், வீண் வேதனை. கோரிமேடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தார்கள். கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. வீடு வந்து சேர்வதற்குள் வலி பாதியாகிவிட்டது.

பல் மருத்துவர், வில்லியனூர்:
நீங்கள் சொல்வது ட்ரை சாக்கெட் போலத்தான் இருக்கிறது. உறைந்த இரத்தம்தான் அந்தக் குழிக்குப் போர்வை. புகையிலையும் ஓயாமல் துப்புவதும் அதைக் கலைத்துவிடும். எலும்பு திறந்து கிடப்பதால்தான் இந்த வலி. கிருமித்தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. பிடுங்கிய மருத்துவரிடமே இன்று அழைத்துப் போங்கள். சர்க்கரை இருந்தால் சொல்லுங்கள். கிராம்பு எண்ணெயை நீங்களாகக் குழியில் ஊற்ற வேண்டாம், ஈறு வெந்துவிடும். வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்திருந்து மெல்ல வழியவிடச் சொல்லுங்கள், வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் மிகவும் கவனியுங்கள். காய்ச்சல், சீழ், கன்னத்திலோ தாடைக்கடியிலோ வீக்கம் வந்தால் அது தொற்று. வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால், மூச்சுத் திணறினால், நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

முதுநகர் மகள்:
போய் வந்துவிட்டோம். உப்புநீரால் கழுவியபோது உள்ளேயிருந்து சோற்றுப் பருக்கை ஒன்று வந்தது. மருந்து வைத்த அரை மணியில் அம்மா பஸ்ஸிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வியாழக்கிழமை மருந்தை மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணா, டாக்டர், இருவருக்கும் நன்றி. வெற்றிலைப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.