மறுமொழி: ஃபிட்னஸ் என்பதற்கு உடற்தகுதியா, பதமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'ஃபிட்னஸ்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடிப் போன வாரம் நான் தொடங்கிவைத்த இழை இவ்வளவு நீளும் என்று எதிர்பார்க்கவில்லை. பதினேழு மடல்கள். அவற்றுள் நான்கு, 'ஃபுட்பால் என்று பெயர் வைத்துக்கொண்டு கையால் பந்தைத் தொடலாமா' என்பது பற்றியவை. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் தொடலாம், மெல்பர்னில் 1859ஆம் ஆண்டிலிருந்து தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு நம் சொல்லுக்கு வருவோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: எங்கள் புறநகரின் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துக் கழகத்தில் என் மகள் ஆடுகிறாள். தமிழ்க் குடும்பங்கள் பெருகிவிட்டதால், பருவம் தொடங்கும் முன் பெற்றோருக்குக் கொடுக்கும் நான்கு பக்கக் கையேட்டைத் தமிழில் தரும்படி கழகத்தார் கேட்டார்கள். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தலைப்பிலேயே சிக்கிக்கொண்டேன்: 'ப்ரீ-சீசன்', 'ஃபிட்னஸ்'.

முதல் சொல்லுக்கு அதிக நேரம் வேண்டாம். 'முன்பருவம்' என்று மூவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது முன்பருவக் கல்வியை நினைவூட்டுகிறது. தாடி வைத்த ஆறடி ஆட்கள் வரிசையாக மழலையர் பள்ளிக்குள் நுழைவதுபோல் ஒரு காட்சி. தஞ்சை நண்பர் முன்மொழிந்த 'கோடை உழவு' அழகானது. இங்கும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடக்கும் இந்தப் பயிற்சியில் பெரும்பகுதி கோடையில்தான், வெயில் சில நாள் 40 பாகையைத் தாண்டும், மார்ச்சில்தான் விதைப்பு, செப்டம்பர் கடைசியில் இறுதி ஆட்டம் என்னும் அறுவடை. ஆனால் உவமையாகப் பேசலாமே தவிர, கால அட்டவணையில் 'கோடை உழவு, செவ்வாய் மாலை 6 மணி' என்று அச்சிட்டால் மண்வெட்டியோடு யாராவது வந்து நிற்பார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர் சொன்ன 'ஆயத்தக் காலம்' எளிமையாக இருக்கிறது, இங்குள்ள ஈழத்துக் குடும்பங்களுக்கு வாய்க்குப் பழகியது, தமிழ்நாட்டவருக்கும் விளங்கும். அதையே எடுத்துக்கொண்டேன்.

சண்டை இரண்டாவது சொல்லில்தான். நான் 'பதம்' என்றேன், பலர் 'உடற்தகுதி' போதும் என்கிறீர்கள்.

> 'உடற்தகுதி' என்று நாளிதழ்கள் எல்லாம் எழுதுகின்றன. நிலைபெற்ற சொல்லை அசைப்பானேன்?

நிலைபெற்றதுதான், மறுக்கவில்லை. காவலர் தேர்வில் இன்ன உயரம், இன்ன மார்பளவு, இத்தனை நிமிடத்தில் இத்தனை மீட்டர் என்று அளப்பதற்கு அது மிகப் பொருத்தமான சொல். 2018இல் இந்தியக் கிரிக்கெட் வீரர் அம்பட்டி ராயுடு யோ-யோ என்னும் ஓட்டச் சோதனையில் தேறாமல் இங்கிலாந்து செல்லும் ஒருநாள் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது அங்கேயும் அது பொருந்தியது: தேறினால் விமானம், தேறாவிட்டால் வீடு. தகுதி என்றால் உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகள்தாம்.

ஆனால் ஒரு கால்பந்துக் கழகத்தின் பயிற்றுநர் ஆயத்தக் காலம் முழுவதும் பேசிக்கொண்டிருப்பது அதைப் பற்றியல்ல. ஆட்டத்தைப் பாருங்கள். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கிரிக்கெட் திடல் அளவுள்ள முட்டை வடிவக் களம். இருபது இருபது நிமிடமாக நான்கு கால்பகுதிகள். பந்து நின்ற நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் அரைமணிக்கு நெருங்கிவிடும். நடுக்கள ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். அதுவும் சீரான ஓட்டமா? பாய்ந்து ஓடி, மோதி விழுந்து, எழுந்து, அடுத்தவர் தோளுக்கு மேல் எம்பிப் பந்தைப் பிடித்து, மூச்சு வாங்கும் முன் மறுபடி ஓட வேண்டும். வெளியே போய் இளைப்பாறிவிட்டு வரவும் இப்போது வாய்ப்புக் குறைந்துவிட்டது. தேசியக் கூட்டிணைவான ஏ.எஃப்.எல். போட்டிகளில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் அனுமதிக்கும் ஆள்மாற்றங்களை 2014இல் 120 என்று வரையறுத்தார்கள். 2016இல் அது 90 ஆனது, 2021இல் 75 ஆனது.

இதற்குத் தயாராவது ஒரு நாளில் 'உண்டு' என்று எழுதிக்கொடுக்கும் காரியமல்ல. முழங்கால் அறுவைக்குப் பின் திரும்பிய ஓர் ஆட்டக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். மருத்துவர் பார்த்துவிட்டார், சரி என்றுவிட்டார். ஆனாலும் பயிற்றுநர் அவரை முதல் அணியில் சேர்க்காமல் இரண்டாம் அணியில் இரண்டு வாரம் ஆடிவிட்டு வரச்சொல்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். முன்னால் 'மேட்ச்' என்று ஓர் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை வேண்டாம். அவருக்குத் தகுதி இருக்கிறது, பதம் வரவில்லை.

பதம் என்ற சொல்லை நான் எங்கிருந்தும் தோண்டி எடுக்கவில்லை. அடுப்படியில் இருக்கிறது, வயலில் இருக்கிறது, குயவர் கையில் இருக்கிறது. இந்தச் சொல்லில் மூன்று செய்திகள் தாமாகவே அடங்கியிருக்கின்றன. ஒன்று, பதம் நேரம் எடுத்து வருவது. இரண்டு, பண்டத்துக்குப் பண்டம் மாறுவது: ஒரு பலகாரத்துக்குக் கம்பிப் பதம், இன்னொன்றுக்கு உருட்டுப் பதம். களத்திலும் அப்படியே, நடுவே பந்தைத் தட்டிவிடும் இரண்டு மீட்டர் உயர ஆளுக்கும், ஓரமாகப் பறந்து ஓடுகிறவருக்கும் ஒரே ஓட்டக் கணக்கை வைத்தால் இருவரில் ஒருவர் கெட்டுப்போவார். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: பதம் தப்பும். ஒரு நொடி கூடினால் பாகு கல்லாகிவிடும். பயிற்சியைக் கூட்டக் கூட்ட நல்லது என்று நம்பும் பெற்றோரிடம் (நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்) இதைப் புரியவைக்க 'உடற்தகுதி'யால் முடியாது. தகுதி கூடிப்போய்க் கெட்டுப்போனதாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா?

இன்னொரு சாட்சி, இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1858 ஜூலையில் விக்டோரியாவின் கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ் மெல்பர்ன் இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். கோடை முழுக்க ஆடிய கிரிக்கெட்காரர்கள் குளிர்காலத்தில் மந்தம் பிடித்துக் கைகால் இறுகிப்போகாமல் இருக்க ஒரு கால்பந்துச் சங்கம் தொடங்கலாமே என்பது அவர் யோசனை. மறு ஆண்டு மே மாதம் விதிகளை எழுதிவிட்டார்கள். அதாவது, இந்த ஆட்டமே வேறோர் ஆட்டத்தின் ஆயத்தக் காலப் பயிற்சியாகத்தான் முளைத்தது. வில்ஸ் எதைக் கண்டு அஞ்சினார்? குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் தகுதி இழப்பார்கள் என்றா? இல்லை. பதம் இழப்பார்கள் என்று. பருவம் முடிந்து சும்மா இருக்கும்போது உடல் தளர்வதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும் என்று கோவை அம்மா கேட்டிருந்தார்கள். 'பதமிழப்பு' சரிவருமா, பாருங்கள்.

இனி ஆட்சேபங்கள்.

> பதப்படுத்துதல் என்றதும் எனக்குத் தோல் தொழிற்சாலையும் டப்பாவில் அடைத்த மீனும்தான் நினைவுக்கு வருகின்றன.

இவர்கள் உதைப்பதே பதனிட்ட தோலைத்தான், ஐயா. ஆனால் நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால் 'பதப்படுத்தல்' என்ற வினையைத் தொடாமல், 'பதப்பயிற்சி' என்று மட்டும் எழுதுகிறேன். ஆட்டக்காரர்களின் ஓட்டத்தையும் தசை வலிமையையும் கவனிப்பவர் பதப்பயிற்றுநர்.

> 'கத்தி கையைப் பதம் பார்த்துவிட்டது' என்கிறோம். கழகத்தில் பிள்ளைகளைப் பதம் பார்க்கிறார்கள் என்று எழுதினால் காவல்துறை வராதா?

இந்த மடலைப் படித்துவிட்டு வீட்டில் சத்தமாகச் சிரித்தேன். முதல் வரைவில் நான் உண்மையாகவே 'பிப்ரவரி முதல் வாரம்: பதம் பார்த்தல்' என்று எழுதியிருந்தேன். இப்போது 'பதச்சோதனை' என்று மாற்றிவிட்டேன். அதில் முதன்மையானது 2 கிலோமீட்டர் ஓட்டம். பெரிய கழகங்களில் ஆறு நிமிடத்தை ஒட்டி முடிப்பவர்கள் முன்வரிசை. இரண்டாவது, ராயுடுவைத் தடுத்த அதே யோ-யோ: 20 மீட்டர் போய்த் திரும்பு, பத்து நொடி மூச்சு வாங்கு, மறுபடி இன்னும் வேகமாக. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்பதுபோல, நான்கு மாத உழைப்புக்கு இந்தச் சில நிமிடங்கள். அந்தப் பழமொழியிலும் கடைசிச் சொல் பதம்தான் என்பதைக் கவனித்தீர்களா?

> பதம் என்றால் சொல், பரதத்தில் ஒரு உருப்படி, இன்னும் பல. பலபொருள் ஒரு மொழி கலைச்சொல்லுக்கு ஆகாது.

ஈரப்பதம் என்று வானிலை அறிக்கையில் படிக்கும்போது யாரும் அகராதியைத் தேடுவதில்லை. இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

'ஆட்டப்பதம்' என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை என்ற சிங்கப்பூர் நண்பருக்கு நன்றி. தலைப்பில் அதுதான் வருகிறது. 'உடற்தகுதி'யை மருத்துவர் ஒப்புதல் தரும் பகுதியில் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒரு பக்கக் குறிப்பு. பதத்தைக் குறுக்குவழியில் வரவைக்கப் பார்ப்பதைக் கல் வைத்துப் பழுக்கவைத்தல் என்பேன். 2012இல் ஏ.எஃப்.எல். அணிகளுள் ஒன்றான எசென்டன் கழகத்தில் தடைசெய்யப்பட்ட மருந்தை ஊசியில் ஏற்றிய திட்டத்துக்காக, 2016 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அக்கழகத்தின் அந்நாளைய ஆட்டக்காரர்கள் 34 பேரைத் தடை செய்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் ஆட முடியவில்லை. கையேட்டில் 'கூடுதல் சத்துப் பொருள்கள்' என்ற பத்தியை நான் ஏன் இவ்வளவு எச்சரிக்கையாக எழுதினேன் என்று கேட்டவருக்கு இதுவே விடை.

இன்னொரு சொல்: பயிற்சியின் அளவைக் குறிக்கும் 'லோடு' என்பதற்கு 'பளு' வேண்டாம். பளுதூக்குதலோடு கலந்துவிடும், இவர்களும் எடை தூக்குகிறார்கள். 'பயிற்சிச் சுமை' போதும். தோள்பட்டைகளுக்கு நடுவே செயற்கைக்கோள் வழி இடமறியும் (ஜி.பி.எஸ்.) கருவியைச் செருகிக்கொண்டு எத்தனை மீட்டர், எவ்வளவு வேகம் என்று கணக்கெடுப்பதெல்லாம் அந்தச் சுமையை அளக்கத்தான். கருவியை உலகெங்கும் விற்கும் கேட்டபல்ட் நிறுவனம் மெல்பர்னில் பிறந்ததுதான். எங்கள் கழகத்தில் அது கிடையாது. பயிற்றுநர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே கணக்கிடுகிறார்.

கடைசியாக ஒன்று பாக்கி, அதில் உங்கள் உதவி வேண்டும். இந்த ஆட்டத்தில் அடிக்கடி கெடுவது தொடையின் பின்தசை. ஆயத்தக் காலத்தில் வேகத்தைச் சட்டென்று கூட்டும்போது அதற்கு ஆபத்து அதிகம். பிள்ளை நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நம்மவர்கள் எல்லாவற்றையும் 'சுளுக்கு' என்றுவிடுகிறோம்; உடனே தைலம், ஒத்தடம், அழுத்தி உருவுதல். சுளுக்கு மூட்டில் வருவது. தசையில் வருவது வேறு: வெறும் பிடிப்பாக இருக்கலாம், இழைகள் அறுந்தும் இருக்கலாம். அறுந்திருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் சூடு வைப்பதும் உருவுவதும் உள்ளே இரத்தக்கசிவைக் கூட்டும். ஆகவே 'தசைப்பிடிப்பு', 'தசைக்கிழிவு' என்று பிரித்து எழுதியிருக்கிறேன். கிழிவு என்ற சொல்லைப் படித்துப் பெற்றோர் பயந்துவிடுவார்கள், கொஞ்சம் மென்மையாகச் சொல்லக்கூடாதா என்று கழகத்தின் தமிழ்த் தாய் ஒருவர் கேட்கிறார். அவர் வீட்டில் போன ஆண்டு உருவி உருவியே மகனுக்கு ஆறு வாரம் போயிற்று என்பதையும் அவரேதான் சொன்னார். 'கிழிவு' இருக்கட்டும் என்பது என் எண்ணம். இதைவிடப் பொருத்தமான சொல் வைத்திருப்பவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள். வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து